அப்பா குடித்த கஷாயம்

சிரஞ்சீவி பிரணவுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. மயிலாப்பூரில் நான் சௌக்கியம், டொராண்டோவில் நீயும் மாட்டுப்பெண் ஜுவேரியாவும் சௌக்கியம் என்று நம்புகிறேன். அப்பாவின் சௌக்கியம் இனி அவர் கையில். போனில் பேசினால் அவர் காதில் விழும், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

ஐப்பசியில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்ததும், இடுப்பெலும்புக்கு ஆபரேஷன் ஆனதும் உனக்குத் தெரியும். மூன்று மாதமாகியும் வாக்கரைப் பிடித்து நிற்கத் தெம்பில்லை. ஆயுர்வேத வைத்தியர் நாடி பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "வாதம் எலும்புக்குள்ள போயிடுத்து மாமி, ஆட்டெலும்பு ரசம் குடுத்தா எழுந்துப்பார், மருந்துன்னா தோஷமில்லே" என்றார். உனக்குச் சொல்லாமல் ஜுவேரியாவுக்குத்தான் போன் செய்தேன். வேறு யாரைக் கேட்பேன், சொல். ஆறு வருஷத்துக்கு முன் மூன்றாம் மாதத்தில் கரு கலைந்து, நிற்க முடியாமல் அந்தப் பெண் நம் அடுப்பில் எலும்பு சூப் வைத்தாளே, "இந்த ஆத்துல பொணம் வேகற வாசனை வரப்படாது" என்று கத்தியவர் உன் அப்பா, குக்கரோடு சாக்கடையில் கொட்டியவள் நான், வாயைத் திறக்காமல் நின்றவன் நீ. மறுநாளே இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கினீர்கள்.

அவள் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை, எனக்கு அதுதான் வலித்தது. எலும்பை மஞ்சள் போட்டுக் கழுவி, முதல் கொதி வந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் சிறு தீயில் நாலு மணி நேரம் வேகவிடுங்கள், மேலே வரும் நுரையை எடுத்துக்கொண்டே இருங்கள் என்றாள். சத்து இறங்கப் புளிப்பு வேண்டுமாம், வைத்தியர் அதற்கு நெல்லி வற்றல் போடச் சொன்னார், ஜீரணத்துக்குச் சுக்கும் மிளகும் சீரகமும். வேலைக்கு வரும் பேச்சியம்மாள் எலும்பை வாங்கி வந்து, "இன்னா மாமி, பைய இப்டி ரெண்டு வெரல்ல புடிக்கிறே" என்று சிரித்தாள். மொட்டை மாடியில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். வடிகட்டிக் கொழுப்பை நீக்கி, கஷாயம் என்று வெள்ளி டம்ளரில் கொடுத்தேன். கொரோனாவில் போன மோப்பமும் ருசியும் அவருக்குத் திரும்பாதது எனக்கு வசதியாகப் போயிற்று.

நாற்பது நாள் குடித்தார். பத்து நாள் முன் வாக்கர் இல்லாமல் பூஜை அறை வரை நடந்தார், கஷாயம் அமிர்தம் என்று வைத்தியரைக் கொண்டாடினார். நல்ல மனதாக இருக்கிறாரே என்று உங்கள் இரண்டு பேரையும் வரச்சொல்லட்டுமா எனக் கேட்டேன். "அவன் வரட்டும், அவ வேண்டாம்" என்றார். அப்போதுதான், நீங்கள் நடப்பது அவள் சொல்லிக்கொடுத்த ஆட்டெலும்பில் என்று நிதானமாகச் சொன்னேன். தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுத்தார், தலைக்கு ஊற்றிக்கொண்டார், பூணூலை மாற்றினார். பாவமாகவே இல்லை எனக்கு. எலும்பில் ஏறியதை எப்படி வாந்தி எடுப்பீர்கள் என்று கேட்டேன்.

ஒரு வாரம் கஷாயத்தைத் தொடவில்லை. மறுபடி வலி வந்துவிட்டது. நேற்று சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்தக் கஷாயம் இருக்கா" என்றார். இன்னும் கஷாயமாம், கேட்டுக்கொள். இல்லை என்றேன். ஜுவேரியாவை நீங்களே கூப்பிட்டு மன்னிப்புக் கேளுங்கள், அவள் சொன்னால் அடுப்பை மூட்டுகிறேன் என்று அவள் நம்பரைப் பெரிதாக எழுதித் தலைமாட்டில் வைத்தேன். ராத்திரி அவர் முனகியதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். கொடுமைக்காரி என்று நீ சொல்லலாம், சொல்லிக்கொள். நானும் அவளிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை, கொட்டிய கைக்கு அந்த யோக்கியதை இல்லை.

குளிரில் காது மூடிக்கொண்டு போ, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. இருவரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஜுவேரியாவிடம் மறக்காமல் சொல். அப்பா கூப்பிட்டால் முதல் தடவை எடுக்க வேண்டாம். இரண்டாம் தடவையும் வேண்டாம்.

இப்படிக்கு,
அம்மா விசாலாக்ஷி