‘ஒன்றுமில்லை’ என்று சொல்லாதவருக்கு

காலையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நம் மகள் ஆபீஸ் கிளம்புவதற்கு முன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் அந்த முணுமுணுப்பு கேட்டதும் என் கையிலிருந்த தோசைக்கரண்டி நின்றுவிட்டது. அது அப்படியே உங்கள் குரல்.

மாதாப்பூர் ஐ.டி. கம்பெனியில் அவளுக்குக் கீழே ஒரு டீம் இருக்கிறது. அவர்கள் செய்யும் வேலையை அடுத்த மாதம் வேறு ஊருக்கு மாற்றப்போகிறார்களாம். “கவலைப்பட ஒன்றுமில்லை” என்று இன்று எல்லோரையும் கூட்டிச் சொல்லும்படி மேலிடம் சொல்லியிருக்கிறது. வெளியே வந்தவள், “அம்மா, வாட் வுட் டாட் ஹாவ் செட்?” என்றாள். தெரியாது என்றேன். எனக்குத் தெரியும். அதனால்தான் அடுக்களைக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து நாச்சாரத்து பம்பு மோட்டார் ஃபேக்டரிக்கு மேனேஜராக வந்தபோது உங்களுக்குத் தெலுங்கு சுத்தமாகத் தெரியாது. நீங்கள் ஆங்கிலத்தில் பேசுவீர்கள், பர்சனல் ஆபீசர் அதைத் தொழிலாளிகளுக்குத் தெலுங்கில் சொல்வார். முதல் வாரத்தில் ஒருநாள் வீட்டுக்கு வந்து, அவர் சொன்னதை அதே ராகத்தில் எனக்குச் சொல்லிக் காட்டினீர்கள். “லேட்டயிதே இண்டிக்கி பொம்மண்டுன்னாரு. இதுக்கு என்ன அர்த்தம் புள்ள?”

“லேட்டா வந்தா வீட்டுக்குப் போகச் சொல்றார்னு அர்த்தம்.”

“ஏன் லேட்டாகுதுன்னு கேளுங்கன்னுதானே நான் சொன்னேன்!”

நான் சிரிக்க ஆரம்பித்தேன். உங்கள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். மறுநாளிலிருந்து நான் அடுப்படியில் நிற்க, நீங்கள் கதவில் சாய்ந்து பாடம் படித்தீர்கள். எல்லோரையும் ‘நுவ்வு’ என்றீர்கள். “நக்கோ, வேணாம்! வயசானவங்களை அப்படிச் சொன்னா யார் பதில் சொல்வாங்க? ‘மீரு’ன்னு மரியாதையா சொல்லுங்க” என்று நான் கத்துவேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த திமிர் எனக்கு.

அந்த அரைகுறைத் தெலுங்கில்தான் தினமும் காலையில் ஷிஃப்ட் தொடங்குமுன் ஐந்து நிமிஷம் பேசினீர்கள். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு லேத் ஓட்டும் யாதகிரி வாய் திறந்தார். அவர் ஊரிலிருந்து காலையில் ஒரே ஒரு பஸ், அதுவும் நேரத்துக்கு வராது. நீங்கள் ஷிஃப்டைக் கால் மணி தள்ளி வைத்தீர்கள். அதற்கப்புறம் வேலையில் ஏதாவது கெட்டுப்போனால் ஒளித்துவைக்காமல் அவர்களே உங்களிடம் எடுத்துவந்து காட்டினார்கள் என்று, ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி என்னிடம் சொன்னீர்கள்.

அப்புறம் ஊரெல்லாம் கண்ணாடிக் கட்டடம் முளைத்தது. நிலத்தின் விலை ஏற, முதலாளி ஃபேக்டரியை விற்க முடிவு செய்தார். கையிலிருக்கும் பெரிய ஆர்டர் போய்ச் சேரும்வரை யாருக்கும் தெரியக்கூடாது என்று உங்களிடம் சொல்லிவிட்டார். அடுத்த நாள் காலை நீங்கள் பேசவில்லை. பின்பக்கப் படியேறி அறைக்குப் போய்விட்டீர்கள். அதற்கடுத்த நாளும் அப்படியே. யாரும் எதுவும் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வேலையில் யாருக்கும் கவனமில்லை, பாதிப் பேர் வேறு இடம் தேடுகிறார்கள் என்றீர்கள். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள்.

“சும்மா இருங்க. பொண்ணு இப்பதான் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கா” என்றேன்.

“நான் சும்மா இருக்கறதுதான் புள்ள அவங்களைக் கொல்லுது.”

கடைசியில் முதலாளியே வந்தார். எல்லோரையும் கூட்டி, நாமெல்லாம் ஒரே குடும்பம், விற்பதாகச் சொல்வதெல்லாம் வதந்தி என்று ஆங்கிலத்தில் பேசிவிட்டு, உங்கள் பக்கம் திரும்பி, “நீங்க தெலுங்கில் சொல்லுங்க. உங்களைத்தான் நம்புவாங்க” என்றார்.

ஒருவர்கூட முதலாளியைப் பார்க்கவில்லையாம். எல்லோர் கண்ணும் உங்கள் வாயில். யாதகிரிதான் பின்னாளில் என்னிடம் சொன்னார். “ஏமி லேதனி ஆயன அண்டுன்னாரு. ஆ மாட்ட நேனு செப்பலேனு” என்றீர்கள். ஒன்றுமில்லை என்று அவர் சொல்கிறார், அந்த வார்த்தையை என்னால் சொல்ல முடியாது. இலக்கணம்கூடச் சரியாக இருந்தது.

அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். வேலை போனது. ஃபேக்டரியும் போனது. ஆனால் அந்த ஆட்கள் ஒன்றுசேர்ந்து, தங்களுக்கு என்ன வழி என்று முதலாளியிடம் பேசி எழுதி வாங்கிக்கொண்டு, அந்த ஆர்டரை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். சிலர் மாதாப்பூர் கட்டடங்களில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார்கள். நான் கோபத்தில் முகம் கொடுத்துப் பேசாமலிருக்க, நீங்கள் ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்து, ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் சின்ன வேலைக்குச் சேர்ந்தீர்கள். நீங்கள் செய்தது சரியா என்று என்னை யாராவது கேட்டால், இன்றைக்கும் ஒரு பதில் காலையிலும் இன்னொரு பதில் சாயங்காலமும் வருகிறது. மகளிடம் எதைச் சொல்ல?

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி மாதம் டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னார். பிறகு, “சாருக்குச் சொல்லாதீங்க, பயந்துடுவார். ஏமி லேதனி செப்பண்டி” என்றார்.

உள்ளே வந்தேன். “என்ன சொன்னாரு?” என்றீர்கள். அந்த இரண்டு வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, அவர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன்.

என் கையைப் பிடித்து இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டீர்கள். பிறகு நான் கேட்காமலே, வேலையில்லாத அந்த நாட்களைப் பற்றிப் பேசினீர்கள். இன்டர்வியூ என்று சொல்லிக் கிளம்பி, பல நாள் நாச்சாரத்துக்குத்தான் போனீர்களாம். கட்டடத்தை இடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்புவீர்களாம். “பயமா இருந்துச்சு புள்ள.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“நீ கோவமா இருந்தே.”

சிரித்தோம். அழுதோம். அதற்கப்புறம் இருந்த கொஞ்ச நாளில் ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் நான் உங்களோடு உண்மையாக வாழ்ந்தது அந்த ஆஸ்பத்திரி மத்தியானங்களில்தான். என்னிடம் இன்னும் இருப்பவையும் அவைதான்.