பக்கத்து சைட்

துடியலூர்
12.6.1994

அன்புள்ள லட்சுமியக்காவுக்கு,

ராசாத்தாள் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். பூனாவில் மழை பிடித்துவிட்டதா? நரசிம்மலு அண்ணன் வேலைக்குப் போகும்போது குடை எடுத்துப் போகிறாரா, பழையபடி மறந்துவிடுகிறாரா?

உங்கள் சைட்டில் களையெல்லாம் எடுத்துவிட்டோம். வேலியோர முருங்கை காய்த்துத் தள்ளுகிறது, உங்கள் பங்கையும் நாங்களே தின்கிறோம். நீரோட்டம் பார்த்தவர் கையில் தேங்காய் உங்கள் பக்கம்தான் எழுந்து நின்றது என்று, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அங்கேயே போர் போட்டோமே, அதில் தண்ணீர் இன்னும் குறையவில்லை.

ஒரு சேதி. எதிரே சோளக்காட்டை அளக்கிறார்கள். பெரிய மெட்ரிகுலேஷன் பள்ளிக்கூடம் வருகிறதாம். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு எங்கள் வீட்டில் சத்தமே இல்லை. இனி பிள்ளைகள் சத்தமாவது கேட்கும். நீங்கள் எப்போது அஸ்திவாரம் போடப்போகிறீர்கள்? அடுத்த வீட்டில் உங்கள் குரல் இல்லாமல் எனக்கு இது வீடு மாதிரியே இல்லை.

உங்கள் தங்கை,
ராசாத்தாள்

பூனா
3.7.1994

அன்பு அம்மணிக்கு,

அக்கா எழுதுவது. பள்ளிக்கூடம் வருவதைக் கேட்டு எனக்கும் சந்தோஷம். இன்னும் இரண்டு வருஷம். இவர் ஓய்வு பெற்றதும் வந்து கட்டிவிடுவோம். நடுவில் சுவர் எழுப்ப வேண்டாம், போய்வர வேலியில் ஒரு படல் வைத்துக்கொள்ளலாம். கணபதிப் பக்கம் லைன் வீட்டில் பதினோரு வருஷம் ஒரே வாசலில் இருந்தவர்களுக்குச் சுவர் எதற்கு?

அப்போது பசியோடு வந்து நின்றுகொண்டு, "இப்பத்தானுங்கக்கா சாப்பிட்டேன்" என்பாய். நான் உன் பேச்சை என்றைக்கு நம்பினேன்? தட்டை வைத்த பிறகு இரண்டு தரம் சோறு வாங்குவாய். உன் வீட்டுக்காரர் கதிரேசன் தம்பியை நான் விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா,
லட்சுமியம்மாள்

துடியலூர்
20.8.1995

அன்புள்ள அக்காவுக்கு,

பள்ளிக்கூடம் இரண்டாவது மாடிக்கு வந்துவிட்டது. வருகிற ஜூனில் திறக்கிறார்களாம். அதற்குள் நம் தெருவே தலைகீழாகிவிட்டது. பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று காந்திபுரத்திலிருந்தெல்லாம் வந்து வீடு கேட்கிறார்கள். மூலை வீட்டு நஞ்சப்பன் விற்றுவிட்டுத் தொண்டாமுத்தூர் பக்கம் தோட்டமே வாங்கிவிட்டார்.

நேற்று திருமலைசாமி என்று ஒரு புரோக்கர் வந்தார். "ஏனுங்கம்மா, பக்கத்துல சும்மா கெடக்கறது யாரு சைட்டுங்க?" என்றார். "அவங்க குடுக்கமாட்டாங்க, ஊடு கட்டப் போறாங்க" என்றேன். "வெலாசம் மட்டும் குடுங்க, கேட்டுப் பாக்கறனுங்க" என்றார். வெயிலில் வந்து மோர் குடித்துக்கொண்டிருக்கிற மனிதரிடம் எப்படி இல்லை என்பது? கொடுத்துவிட்டேன். அவர் கடிதம் வந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

உங்கள் தங்கை,
ராசாத்தாள்

பூனா
2.10.1995

அன்பு அம்மணிக்கு,

புரோக்கர் கடிதத்தை நான் கிழிப்பதற்கு முன் இவர் படித்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் பஸ் நிறுத்த இடம் வேண்டுமாம். அவர்கள் சொல்கிற விலையைக் கேட்டதிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை. அந்தப் பணத்தில் இங்கேயே சீனிவாசலு பக்கத்தில் ஒரு பிளாட் வாங்கலாம், வயதான காலத்தில் மகனோடு இருப்பதுதான் நல்லது என்கிறார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீங்களே எடுத்துக்கொள்வதென்றால் முதல் பேச்சு உங்களோடுதான். எடுக்க முடியாவிட்டாலும், விற்க வேண்டாம் என்று நீ ஒரு வரி எழுது. அதை வைத்துக்கொண்டு இவரிடம் சண்டை போடுகிறேன்.

உன் அக்கா,
லட்சுமியம்மாள்

துடியலூர்
14.10.1995

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அந்த விலைக்கு எங்களால் எடுக்க முடியாது. உங்கள் குடும்பத்துக்கு எது நல்லதோ அதையே செய்யுங்கள். மகன் பக்கத்தில் இருப்பது நல்லதுதான். எங்களைப் பற்றி யோசிக்க வேண்டாம், எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

முருங்கை மறுபடி பூத்திருக்கிறது. தீபாவளி வருகிறது, இன்னும் மாவு அரைக்கவில்லை.

ராசாத்தாள்

பூனா
9.2.1997

அன்பு அம்மணிக்கு,

போன கார்த்திகையில் இவர் போய்விட்டார். நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர்தான். உனக்கு எழுதக் கை வரவில்லை.

நாலாவது மாடியில் இருக்கிறேன். மகனும் மருமகளும் தங்கமானவர்கள், ஆனால் காலையில் போனால் இருட்டித்தான் வருகிறார்கள். தமிழோ தெலுங்கோ பேச இந்தக் கட்டடத்தில் ஆள் இல்லை. சைட்டை விற்றது தப்பு என்று இப்போது படுகிறது. நீ வேண்டாம் என்று எழுதுவாய் என்று அன்றைக்குத் தபால்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீயே விற்கச் சொன்ன பிறகு நான் இவரிடம் என்ன பேசுவது?

மே மாதம் வந்து உன்னோடு கொஞ்ச நாள் இருக்கட்டுமா? உன் சமையல்கட்டில் ஒரு மூலை போதும்.

உன் அக்கா,
லட்சுமியம்மாள்

துடியலூர்
27.2.1997

அன்புள்ள அக்காவுக்கு,

அண்ணன் போன சேதி படித்து இரண்டு பேரும் அழுதோம். சம்பள நாளில் எங்கள் வீட்டுக்கும் சேர்த்து மிக்சர் வாங்கி வருகிற மனிதர். அவரை நான் ஒரு நாளும் குறை சொல்லமாட்டேன்.

இங்கே நடந்ததை இதுவரை எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன். உங்கள் சைட்டில் ஏழெட்டு பஸ் நிற்கிறது. முருங்கையை வெட்டிவிட்டார்கள். போரைச் சுவருக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். எங்களுக்கு லாரித் தண்ணீர்தான். விடிவதற்குள் எல்லா வண்டியையும் ஸ்டார்ட் செய்து விட்டுவிடுகிறார்கள், அந்தப் புகையில் இவருக்கு இழுப்பு வந்துவிட்டது. வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்று பார்த்தோம். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு வேண்டும் என்று வருகிறவர்கள் பஸ்ஸைப் பார்த்ததும் திரும்பிப் போகிறார்கள். தெருவுக்கெல்லாம் விலை ஏறியது, எங்கள் வீட்டுக்கு மட்டும் இறங்கியது. கடைசியில் பள்ளிக்கூடத்துக்காரர்களே எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதுதான் விலை. போன வெள்ளிக்கிழமை கிரயம் ஆகிவிட்டது. பங்குனி பிறப்பதற்குள் காலி செய்ய வேண்டும்.

உங்கள் மேல் கோபமில்லை என்று எழுதினால் பொய். 'விற்காதீங்கக்கா' என்று எழுதத்தான் அன்றைக்கு உட்கார்ந்தேன். இன்னொரு குடும்பத்துக்கு வருகிற நல்லதில் குறுக்கே நிற்க மனசு வரவில்லை. எனக்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை, அது உங்களுக்குத் தெரியும். பதினோரு வருஷம் நான் சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னபோதெல்லாம் நம்பாமல் தட்டு வைத்தீர்கள். அந்த ஒரு தடவை மட்டும் நான் சொன்னதை நம்பிவிட்டீர்கள்.

மே மாதம் வராதீர்கள் அக்கா. உங்களுக்குத் தட்டு வைக்க எனக்கு வீடில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

புது விலாசத்தை எழுதிவிடு என்று இவர் சொன்னார். நான் எழுதவில்லை.

ராசாத்தாள்