பின்வரிசையில் சலசலப்பு

பெரியவனின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? தைலத்தில் மிச்சம் பிடிக்காதே.

இங்கே கலவரத்தில் மோதிக்கொண்ட இரு தெருக்காரர்களும் நேற்று சமாதானக் கூட்டத்தில் குழாயடியைப் பொதுவாக்கச் சம்மதித்தார்கள். குறிப்பெழுதியது நான்தான். தலைவர்கள் கையெழுத்துப் போட்டதும் வாசித்துக் காட்டினேன். துப்புரவு வேலை செய்யும் அம்மா ஒருவர் எழுந்தார்.

"ஐயா, எரிஞ்ச சந்து வழியாத்தான் நாங்க தண்ணிக்கு வரணும். அங்க விளக்கு போடுங்கன்னு பொம்பளைங்க அத்தனை பேரும் சொன்னோமே, அது எங்க?"

தாளைப் புரட்டினேன். அந்த இடத்தில் 'பின்வரிசையில் சலசலப்பு' என்று மட்டும் எழுதியிருந்தேன்.

"அது நாங்கதாங்க!" என்றார். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன், பிறகு முடியவில்லை.

கையெழுத்தான தாளில் ஒரு வரி சேர்த்தால் சமாதானம் கலைந்துவிடுமோ? சேர்க்காவிட்டால் அவர்கள் இருட்டில் நடக்க வேண்டும். எது சரியென்று விளங்கவில்லை. எழுத உட்கார்ந்தாலோ, அவர்கள் சொன்னதில் பாதி நினைவில்லை. நாளை அந்த அம்மாவிடமே போய்க் கேட்கப்போகிறேன். நீ கவலைப்படாதே.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் கிளம்பிய அன்று வாசலில் நீ ஏதோ சொன்னாய். பெட்டியைப் பூட்டிக்கொண்டே தலையாட்டினேன். என்ன சொன்னாய்?

பெரியவனின் அப்பா