சிங்க்குக்கு அடியில் உங்கள் இடக்கை

சமையலறை சிங்க்குக்குக் கீழே இருக்கும் கதவைத் திறந்ததும், ஊறிப்போன பிளைவுட் வாசனை முகத்தில் அடித்தது. நீங்கள் இருந்தவரை மாதம் ஒரு தடவையாவது வீட்டில் இந்த வாசனை வரும். நீங்கள் போய் இரண்டு வருஷம் கழித்து, போன வாரம் மறுபடி வந்தது. சுவரிலிருந்து குழாய்க்குத் தண்ணீரை விடும் ஆங்கிள் வால்வின் கழுத்தில் சொட்டு. நீங்கள் கடைசியாகக் கைவைத்த இடம், எப்படியோ இத்தனை நாள் தாங்கியிருக்கிறது. அதனால் உங்களைத் திட்டிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு பிளம்பர் “தோ வந்துகினே கீறேம்மா” என்றார். இன்னும் வந்துகொண்டே இருக்கிறார். இன்னொருவர் நிஜமாகவே வந்து, டார்ச் அடித்துப் பார்த்து, “செவுத்த ஒடைக்கணும்மா” என்றார். அவரைக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

வடபழனியிலிருந்து நம் மகள் வந்தாள். சொட்டுக்கு அடியில் வைத்திருந்த பாத்திரம் நிரம்புவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “அம்மா, இன்னிக்கு சிங்க். நாளைக்கு மோட்டார். தனியா எத்தனைய சமாளிப்ப? வீட்ட வாடகைக்கு விட்டுட்டு எங்ககூட வந்துடு.” கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அன்பாகச் சொன்னதால் பயம் வந்துவிட்டது. அவள் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இருக்காது. ஆனால் மந்தைவெளியில் இந்த இரண்டாவது மாடி வீட்டில்தான் நான் நினைத்த நேரத்துக்கு எழுந்து, நினைத்ததைச் சமைத்து, ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு இருக்க முடியும். “ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் குடு. நானே சரி பண்றேன். முடியலன்னா பெட்டிய கட்டிடறேன்” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது உறைத்தது.

உங்கள் பிஸ்கட் டப்பாவை இறக்கினேன். ஸ்பேனர், பிடி போன ஸ்க்ரூ டிரைவர், எந்தக் குழாய்க்கும் சேராத வாஷர்கள், குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப் மூன்று சுருள். டப்பாவைத் திறந்ததுமே நீங்கள் தரையில் மல்லாந்து, தலை உள்ளே கால் வெளியே கிடப்பது கண்ணில் தெரிந்தது. நான் குனிந்து டார்ச் பிடிப்பேன். “நேரா புடி, நேரா புடி” என்று உள்ளிருந்து குரல் வரும். இருபத்தாறு வருஷம் அந்த வேலை பார்த்தேன். உங்களுக்குச் சம்பளம் இல்லாத உதவியாள் நான்தான்.

மொட்டை மாடியில் எந்த வால்வு எந்த வீட்டுக்கு என்று தெரியாமல், கீழ் வீட்டுத் தண்ணீரை அடைத்தீர்களே, நினைவிருக்கிறதா? “யாருய்யா அது? தலையில சோப்போட நிக்கிறேன்!” என்று அந்த வீட்டுக்காரர் கத்திய கத்தல் தெருமுனைவரை கேட்டது. நீங்கள் சத்தமில்லாமல் படியிறங்கி வந்து, “கேட்டா நாம வெளில போயிருக்கோம்னு சொல்லு” என்றீர்கள். கேட்டதே அவர்தான், நம் வாசலில் நின்றுகொண்டு, சோப்போடு.

அவ்வளவு பாடுபட்டும் பத்து நாளில் திரும்பச் சொட்டும். ஒரு தடவை வாஷர் சரியில்லை என்பீர்கள். ஒரு தடவை வீட்டைக் கட்டியவன் சரியில்லை. காரணம் தீர்ந்துபோனால் கடைசியாக ஒன்று வைத்திருப்பீர்கள்: “உப்புத் தண்ணி. நாம என்ன பண்ண முடியும்?”

சனிக்கிழமை காலையில் மாடியேறி நம் வால்வை அடைத்தேன். போன வருஷமே எல்லா வால்விலும் வீட்டு எண்ணை நெயில் பாலிஷால் எழுதிவிட்டேன், யாரும் சோப்போடு நிற்கவில்லை. ஆங்கிள் வால்வைக் கழற்றி, மரையைத் துடைத்து, நீங்கள் சுற்றுகிற மாதிரியே டேப்பைச் சுற்றி முடுக்கினேன். மாடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வந்து பார்த்தால், சொட்டு. இன்னும் இரண்டு தடவை செய்தேன். மூன்றாவது தடவையும் சொட்டு விழுந்தபோது, “உப்புத் தண்ணி” என்று என் வாயிலேயே வந்துவிட்டது. பெட்டி பரணில் இருந்தது. நான் அண்ணாந்து பார்க்கவில்லை.

வால்வைப் பையில் போட்டுக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்கார பாய், “எப்டி சுத்துனீங்க, காட்டுங்க” என்றார். காட்டினேன்.

“நீங்க எடக்கையாம்மா?”

“இல்லையே பாய்.”

“பின்ன இன்னாத்துக்கு எடப்பக்கமா சுத்துறீங்க? நீங்க முடுக்க முடுக்க டேப்பு பிரிஞ்சிகினு வெளிய வருது பாருங்க. முடுக்குற பக்கமே சுத்தணும்மா. அப்பதான் கப்புனு ஒக்காரும்.”

அவர் கையிலிருந்த டேப் மரைக்குள் ஒட்டி உட்கார்ந்தது. நான் சுற்றியது உங்கள் கை சுற்றுகிற சுற்று. வேறு யார் சுற்றியும் நான் பார்த்ததில்லை.

நீங்கள் வலக்கையால் எழுதினீர்கள், வலக்கையால் சாப்பிட்டீர்கள். சின்ன வயதில் இடக்கையை நீட்டினால் அடி விழும் என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறீர்கள். இலை போட்ட பந்தியில் பிள்ளை இடக்கையால் சாப்பிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று மாற்றிவிட்டார்களாம். நானும் அதோடு மறந்துபோனேன். யாரும் பார்க்காத சிங்க்குக்கு அடியில் மட்டும் அந்தக் கை தன் பாட்டுக்கு வெளியே வந்து வேலை செய்திருக்கிறது. வாஷரும் இல்லை, வீட்டைக் கட்டியவனும் இல்லை, உப்புத் தண்ணீர் பாவம் ஒன்றுமே செய்யவில்லை!

கடையில் நின்று சிரித்தேன். சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது. பாய் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். உங்களிடம் உடனே சொல்ல வேண்டும்போல இருந்தது. கேட்டிருந்தால் நீங்கள்தான் முதலில் சிரித்திருப்பீர்கள்.

வீட்டுக்கு வந்து மாற்றிச் சுற்றினேன், முடுக்கினேன், திறந்தேன். அடியில் விரித்த செய்தித்தாள் சாயங்காலம்வரை காய்ந்தே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து, உள்ளே கையை விட்டு வால்வைத் தடவினாள். விரலைப் பார்த்தாள். இன்னொரு தடவை தடவினாள். “சரிம்மா. நீ இங்கயே இரு” என்றாள். அவ்வளவுதான் பேச்சு. பெட்டி பரணிலேயே இருக்கிறது.

பிறகு அவள் டப்பாவைக் குடைந்து ஒரு டேப்பை எடுத்தாள். “எங்க பாத்ரூம்லயும் சொட்டுது. இத எப்படிச் சுத்தணும், இப்படியா?” என்று டப்பாவில் கிடந்த பழைய வால்வு ஒன்றில் சுற்ற ஆரம்பித்தாள். இடக்கை. அப்படியே உங்கள் சுற்று. ஒன்றாம் வகுப்பில் அந்தக் கையை மாற்றப் பார்த்த டீச்சரிடம் போய், “அது அவ கை, விட்டுடுங்க” என்று நீங்கள் நின்றது நினைவு வந்தது. எதற்கும் குரல் உயர்த்தாத மனுஷர் அன்றைக்கு ஏன் அப்படி நின்றீர்கள் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன்.

“கை அதுவே இருக்கட்டும்டி. சுத்துற பக்கத்த மட்டும் மாத்து.”

மாற்றினாள். கப்பென்று உட்கார்ந்தது. உங்களுக்கும் அந்த ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டிருக்கிறது. நான் டார்ச்சை நேராகத்தான் பிடித்திருந்தேன். உங்கள் கையைத்தான் பார்க்கவில்லை.