கூடத்துக் கட்டில்

மார்ச் 4

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்றாம் நாள். தினம் நாலு வரியாவது இடது கையால் எழுதச் சொல்லியிருக்கிறாள், பயிற்சி கொடுக்க வரும் பெண். வலது பக்கம் கையும் காலும் வேலைநிறுத்தம். வாய் அரைநாள் வேலை. எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது.

இந்த வீட்டில் இருப்பது ஒரே அறை. அது மகனுக்கும் மருமகளுக்கும். என் கட்டில் கூடத்தில். இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திய கண்டக்டர் நான். இப்போது வருகிறவர்கள் எல்லாம் என்னைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள்.

மார்ச் 9

மருமகளின் ஆபீஸ் தோழிகள் வந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. மனைவி புடவையைக் குறுக்கே கட்டி மறைத்துவிட்டு பெட்பேன் வைத்தாள். புடவைக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோனது.

செத்திருக்கலாம்.

மார்ச் 10

"எனக்கு ஒரு ரூம்..." மூன்றாவது தடவைதான் மகனுக்குப் புரிந்தது. தன் அறைக் கதவைப் பார்த்தான். "சரிப்பா."

மார்ச் 15

தங்கள் அறையையே காலி செய்து கொடுத்துவிட்டார்கள். அவர்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். இங்கே கதவு இருக்கிறது. மானம் திரும்பி வந்தது.

மார்ச் 16

கதவைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள். நான் தூங்க வேண்டுமாம்.

மார்ச் 22

கூடத்தில் ஒரே சிரிப்பு. கூப்பிட்டேன். மகன் ஓடி வந்தான்.

"என்னப்பா, தண்ணியா?"

"எதுக்கு... சிரிச்சீங்க?"

"ஒண்ணுமில்லப்பா, சும்மா."

தண்ணீர் குடித்தேன். தாகமே இல்லை.

மார்ச் 27

ஃபேனைக் கூட்டு, குறை, ஜன்னலைத் திற — இப்படி யாரையாவது வரவழைக்கிறேன். வருகிறார்கள், செய்கிறார்கள், போகிறார்கள். கேட்டு வாங்கியவன் நான். இப்போ எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு, திரும்பக் கூடத்துக்கே தூக்கிட்டுப் போங்கன்னு சொல்றது? அதுங்க ரெண்டும் தரையில படுக்குதுங்க. யாரைக் குத்தம் சொல்ல?

ஏப்ரல் 3

காலையிலிருந்து எட்டாவது தடவை தண்ணீர் கேட்டேன். மனைவி வந்து சொம்பைப் பார்த்தாள். நிறைய இருந்தது.

"தனியா இருக்க முடியலன்னா வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?" என்று கத்தினாள். கத்திவிட்டு என் கோணல் வாயைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நான்தான் முதலில் சிரித்தேன். சிரிப்பு என்றுதான் நினைத்தேன். அவள் முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்தாள்.

"கூடத்துக்குப் போகணும், அவ்வளவுதானே? அழாதீங்க."

ஏப்ரல் 6

கட்டில் கூடத்துக்கு வந்தது. "யாராவது வந்தா உங்களுக்குத்தானே மாமா கஷ்டம்?" என்றாள் மருமகள். கஷ்டம்தான். தலையை மட்டும் ஆட்டினேன்.

ஏப்ரல் 19

இன்று மகனுக்கும் மருமகளுக்கும் வாய்த்தகராறு, என் தலைக்கு மேலேயே. அவன் பைக் சாவியைக் காணோம், அவள்தான் எங்கோ வைத்தாளாம். மனைவி நடுவில் புகுந்து இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். என்னிடம் யாரும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

சாயங்காலம் மருமகள் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு வந்தாள். கோபம் இன்னும் தீரவில்லை. அப்படியே கட்டிலில், என் வலது கால் மேல் கொட்டினாள். கால் மேல் என்று அவள் கவனிக்கவில்லை. எனக்கும் தெரியவில்லை, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து, முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக மடித்தாள்.

அவள் எழுந்துவிடக் கூடாதே என்று, முடிக்கும்வரை நான் அசையவில்லை. அசைய முடியாது என்பது வேறு விஷயம்.