கண்ணுக்குக் கொத்தமல்லித் தண்ணீர்

1909 மார்ச் 3, நமுனுகுல தேயிலைத் தோட்டம், இலங்கை

பூவம்மாவுக்குக் காய்ச்சல். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு அனலா? மலையிலிருந்து வந்ததும் கொத்தமல்லியை வறுத்து, இஞ்சி தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றாள் என் மனைவி இராக்கம்மா. நான் கேட்கவில்லை. எனக்கு எதிலும் அவசரம்.

மார்ச் 6

முகமெல்லாம் முத்துப் போட்டிருக்கிறது. பெரியம்மை.

மாரியாத்தா வீட்டுக்கு வந்த அன்றைக்கே சூட்டுக் கஷாயத்தை ஊற்றியிருக்கிறேனே, படுபாவி! இராக்கம்மா வாசலில் வேப்பிலை செருகினாள். தாளிப்பு கூடாது, மருந்து என்ற பேச்சே கூடாது என்றாள். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டினாலாவது தேவலை.

மார்ச் 8

கீழ் லயத்துக் கூலி வீடுகளில் ஒரு பிள்ளை அம்மையில் போய்விட்டது.

மார்ச் 11

இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன. "வெளக்க ஏத்துங்கப்பா" என்கிறாள். பட்டப்பகல்.

தோட்டத்துக் கடை மர்ஸூக் அரிசியை வேலிக்கு வெளியே வைத்துவிட்டு, போகாமல் நின்றார். சின்ன வயதில் அவருக்கும் அம்மை கண்டதாம். கொத்தமல்லி ஊறிய தண்ணீரை வடித்து அவருடைய உம்மா கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்தாராம். அவர் முகம் பூராவும் தழும்பு, கண்கள் மட்டும் பளிச்சென்று இருக்கின்றன.

"கண்ணுக்குத்தான் பயம், கணக்கப்புள்ள. சுணங்காதீங்க" என்றார்.

மறுபடியும் கொத்தமல்லியா? ஒரு தடவை பட்டது போதாதா?

மார்ச் 12

இராக்கம்மா ஊற்றுப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனதும் கொத்தமல்லித் தண்ணீரால் கழுவிவிட்டேன். வலது கண்ணுக்கு மட்டும். ஆத்தா கோபித்தால் மற்றதாவது மிஞ்சட்டும் — பயந்தாங்கொள்ளிக்கு வேறென்ன யோசனை வரும்? துணியை நனைத்து இமைமேல் பிழிந்தேன். "எரியுதுப்பா" என்றாள். தாயே, கோபமிருந்தால் என்னைக் கேள். பிள்ளையை விட்டுவிடு.

மார்ச் 13

இன்றும். வலது மட்டும்.

மார்ச் 15

இடது பக்கமும் துணியைக் கொண்டுபோனேன். கை வரவில்லை.

மார்ச் 24

தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். வலது கண் நன்றாகத் தெரிகிறது. இடது கண்ணில் வெள்ளை விழுந்துவிட்டது.

இத்தனை நாள் கழித்து இராக்கம்மா என் முகம் பார்த்துப் பேசினாள். "ஆத்தா ஒரு கண்ணையாவது விட்டுவச்சாளே, அது போதுங்க" என்று அழுதாள். ஆமாம் என்றேன். இரண்டு கண்ணுக்கும் விட்டிருந்தால்? அதை அவளிடம் எந்த வாயால் சொல்வேன்?

பூவம்மா ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பொத்திப் பார்க்கிறாள். "இந்தப் பக்கம் எப்பப்பா விடியும்?" என்று என்னைத்தான் கேட்கிறாள்.