அவர் பார்த்த இலைகள்

அக்டோபர் 7, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. அவர் மௌத்தான பிறகு, வீட்டோடு இத்தா இருக்கும் நாட்களுக்கு என்று தைத்த வெள்ளை உடுப்பு இரண்டுதான், இரண்டும் ஈரம்.

மீன் தொட்டியில் இன்னும் சில இலை அழுகல். கிரிப்டோச் செடிதான். முதலில் ஓரம் கண்ணாடி மாதிரி ஆகிறது, பிறகு இலை முழுக்கக் கஞ்சி. நேற்றுப் பார்க்கும்போது நன்றாகத்தானே இருந்தது!

அவர் வைத்தபடி விட்டிருந்தால் இப்படி ஆகுமா? பின்பக்கம் வலிஸ், ரிப்பன் மாதிரி நீளமாக. நடுவில் கிரிப்டோ. வலது பக்கம் கட்டையில் ஜாவா பேர்ன். இடது மூலையில் கபொம்பா, குப்பி மீன் குஞ்சுகள் ஒளிவதற்கு. "நாலு ஜாதியையும் ஒரே தொட்டியில சண்டை இல்லாம வாழ வெக்கிறதுதான் கெட்டித்தனம்" என்று என்னிடம் பெருமை வேறு. ஒரு ஞாயிறு முழுக்க அதற்கே போனது. சோறு ஆறிப்போச்சு என்று நான் கத்தினேன். அடுத்த இரண்டு கிழமைக்குள் ஆள் இல்லை. அக்குறணைக் கடையிலிருந்து வீட்டுக்கு வரும் பஸ்ஸில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

ஜனாஸா எடுத்த அன்று சந்தூக் பெட்டி வைக்க ஹோலில் இடம் வேண்டும் என்று ஆண்கள் தொட்டியை இறைத்துப் பின்னால் தூக்கிக்கொண்டு போனார்கள். செடியெல்லாம் ஒரே வாளிக்குள். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் தொட்டியைத் திரும்ப ஹோலில் வைத்ததும் ஃபரீனா, அவருடைய தங்கச்சி, கல்லையெல்லாம் பைப்புக்குக் கீழே போட்டுத் தேய்த்துக் கழுவி, தன் எண்ணத்துக்கு எல்லாவற்றையும் திரும்ப நட்டு வைத்தாள். யார் கேட்டது இவளிடம்?

அவர் நட்டு வைத்திருந்ததுதான் அவர் கை கடைசியாகச் செய்த வேலை.

அக்டோபர் 9, வியாழன்

மழை விட்டது. வந்தவர்கள்: ராபியா சாச்சி, அவருடைய மருமகள், பாடசாலையிலிருந்து இரண்டு டீச்சர்மார். பழம் போதும் போதும் என்கிற அளவுக்கு. யார் சாப்பிடுவது?

சாச்சி தொட்டிக்கு முன்னால் என்னைக் கண்டு பதறிப்போனார். "இத்தாவில கண்ணாடி பாக்கப் படாது மகள். அதுக்கு மேல ஒரு சீலையப் போடுங்க."

"சாச்சி, நான் மீனப் பாக்கிறேன்."

"மீனப் பாத்தாலும் மொகம் தெரியும்தானே?"

தெரிந்தால்தான் என்ன. பார்க்கிற மாதிரியா இருக்கிறது என் முகம்.

என் கூடப்பிறந்த நானா அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார். மையவாடிக்குப் போய் வந்தாராம். அவருடைய கப்ரில் நட்ட மரக்கொப்பு காய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்பது போல நாக்கைக் கடித்துக்கொண்டார். சாச்சி உடனே, "பச்ச ஈக்கிற வரைக்கும் அது அல்லாஹ்வத் துதிச்சி தஸ்பீஹ் செய்யும். உள்ளுக்கு ஈக்கிறவருக்கு லேசாகும். வேற ஒண்டு நட்டு விடுங்க வாப்பா" என்றார். நடுகிறேன் என்றார் நானா.

நடட்டும். ஆனால் அது நானா நடுவது. இங்கே தொட்டியில் இருப்பது அவரே வாங்கி, அவரே நட்டது. எனக்குக் கப்ரடிக்குப் போக முடியாது. இத்தா முடியும் வரை வாசலைத் தாண்டவே முடியாது. இந்தப் பச்சை ஒன்றுதான் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. இதாவது இருக்கட்டும் யா அல்லாஹ்.

இதை யாரிடமும் சொல்ல மாட்டேன். பைத்தியம் என்பார்கள்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஃபரீனா வந்தாள். கையில் வட்டிலப்பம். வந்ததும் தொட்டியைப் பார்த்து, "ஐயோ, ஏன் மதினி எல்லாம் பழுதாப் போய் ஈக்கி?" என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

"நீங்க கழுவின கழுவல்தான்" என்றேன்.

"நான் ஒங்களுக்கு ஒதவியா ஈக்கட்டும் எண்டுதானே…"

"ஒங்கட ஒதவியால அவர் வெச்சது ஒண்டும் மிச்சமில்ல. ஒரு வார்த்த கேட்டீங்களா எனக்கிட்ட?"

அவள் எழுந்துகொண்டாள். தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டாள். ஷைமா என்னைப் பார்த்த பார்வை! பதினாறு வயதுப் பிள்ளை உம்மாவைப் பார்க்கிற பார்வையா அது?

வட்டிலப்பம் நல்லாத்தான் இருந்தது. அதுவும் எரிச்சல்.

அக்டோபர் 14, செவ்வாய்

பகல் கரண்ட் இல்லை. தொட்டித் தண்ணீர் வெள்ளையாக, அரிசி கழுவின தண்ணீர் மாதிரி. ஒரு குப்பி செத்து மிதந்தது. பெண் மீன், வயிறு நிறையக் குஞ்சோடு.

ஷை: "உம்மா, அழுகின எலைய எடுத்துப் போடணும். அதாலதான் தண்ணி கெட்டுப் போற."

"பாதி பச்சையாத்தானே ஈக்கி. ஈக்கட்டும்."

"பாதி அழுகிப் போய் ஈக்கி உம்மா!"

ஈக்கட்டும் என்றேன்.

ஷை டியூஷன் முடிந்து வரும்போது கட்டுகஸ்தோட்டையில் செல்வம் அண்ணனின் மீன் கடைக்குப் போய் வந்தாள், என்னைக் கேட்காமல். அவர்தான் இந்தச் செடியெல்லாம் கொடுத்தவர். மௌத்துச் செய்தி அவருக்குத் தெரியாதாம். கடையிலேயே கதிரையில் உட்கார்ந்துவிட்டாராம். வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இத்தாவில் இருக்கிற வீட்டுக்கு வெளி ஆம்பளை எப்படி வருவது? நானாவையும் வரச் சொல்ல வேண்டும். சீ, ஒரு தொட்டிக்கு எத்தனை பாடு.

அக்டோபர் 17, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு நானாவும் செல்வம் அண்ணனும் வந்தார்கள். நான் அறைக்குள், கதவுத் திரைக்குப் பின்னால். அவர் ஹோலில் நின்று ஷைமாவிடம் பேசினார். எனக்குக் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே. நல்ல மனுசன்.

"பாப்பா, இந்தப் பேர்ன மண்ணுல பொதைச்சிருக்காங்க. அது தப்பு. அதோட தண்டு வெளிய இருக்கணும், கட்டையில நூல் போட்டுக் கட்டிடுங்க. வலிஸ் ஓடிப் புடிக்கும், பின்பக்கம் ஒதுக்குங்க, இல்லாட்டி மத்ததுக்கு வெளிச்சம் கெடைக்காது. கபொம்பா பரவாயில்ல."

நான் திரையோடு ஒட்டி நின்றேன். கிரிப்டோவைச் சொல்லுங்கள், அதைச் சொல்லுங்கள் என்று மனசு அடித்துக்கொண்டது. ஷை கேட்டாள்.

"அது யாரும் செஞ்சது இல்ல பாப்பா. நட்ட எடத்துலயே விட்டிருந்தாலும் அழுகித்தான் இருக்கும். இது தண்ணிக்கு வெளிய வளத்த செடி. வெளியில வந்த எலை தண்ணிக்குள்ள தாங்காது. அத்தனையும் கழிஞ்சி, வேர்ல இருந்து தண்ணிக்குன்னே புது எலை வரும். அப்பாவுக்குத் தெரியும். வாங்கும்போதே சொன்னேன். 'கொஞ்ச நாள் மொட்டையா நிக்கும், எங்க வீட்டுல ஏசப் போறாங்க'ன்னு சிரிச்சாரு."

ஷை தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். செல்வம் அண்ணன் குரலை உயர்த்தினார்.

"அழுகுற எலைய எடுத்துடணும்மா. விட்டு வெச்சா மீனெல்லாம் போயிடும்." இது ஷைமாவுக்குச் சொன்னது இல்லை. திரைக்குச் சொன்னது.

அவர்கள் போன பிறகு அழுதேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் சொல்லவில்லை. ஏசுவேன் என்று.

அக்டோபர் 18, சனி

நல்ல வெயில். துணி காய்ந்தது.

செய்தவை: ஜாவா பேர்னைத் தோண்டி எடுத்து, தையல் பெட்டியில் இருந்த கறுப்பு நூலால் கட்டையில் கட்டினோம். வலிஸ் பின்பக்கம். தண்ணீர் கால்வாசி மாற்றியது. ஷை அழுகின இலைகளை எடுத்தாள், நான் சமையலறையில் நின்றேன். ஒன்றை மட்டும் விடச் சொன்னேன். நடுக் கிரிப்டோவில் ஒரே ஒரு இலை, நல்ல பச்சை, அடியில் மட்டும் கொஞ்சம் மங்கல். ஷை மறுப்புச் சொல்லாமல் விட்டாள்.

ஃபரீனாவுக்கு ஃபோனில் கோல் எடுத்தேன். எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். எடுக்கவில்லை. சரிதான், நானாக இருந்தாலும் எடுக்க மாட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

ஃபரீனா தானாகவே வந்தாள். அலவத்துகொடயிலிருந்து மழையில் நனைந்துகொண்டு. தலை துவட்டத் துவாய் கொடுத்தேன். செல்வம் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். "ஒங்கள்ல பிழையில்ல ஃபரீனா. நான்தான் வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்."

அவள் துவாயால் முகத்தை மூடிக்கொண்டாள். "அண்டைக்கு என்ட நானாவக் கொண்டு போன பொறகு எனக்கு கை சும்மா ஈக்கல மதினி. என்ன செய்ற எண்டு தெரியல. வாளியப் பாத்தேன், இது நானாட எண்டு நெனச்சேன். ஒவ்வொண்டா தேச்சேன். தேச்சிக்கிட்டே அழுதேன். அது முடிஞ்சா நானாவும் முடிஞ்ச மாதிரி, அதனாலதான் அவ்வளவு நேரம் கழுவினேன்."

நான் இத்தனை நாளும் என் புருஷனைத்தான் பறிகொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு இருந்தது ஒரே நானா.

இருவரும் அழுதோம். ஷை தேத்தண்ணி போட்டாள், சீனி அள்ளிக் கொட்டி. குடித்தோம்.

அக்டோபர் 23, வியாழன்

மூடுபனி, எதிர் மலை தெரியவில்லை.

கிரிப்டோவில் புது இலைகள். அந்த மனுசன் சொன்னது சரி. மண்ணோடு ஒட்டி, ஒடுக்கமாக, கபில நிறத்தில், ஓரம் சுருண்டு. முன்னால் இருந்த அகலப் பச்சைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஷைக்குச் சந்தோஷம், படம் எடுத்துச் செல்வம் அண்ணனுக்கு அனுப்பினாள். அழகாகத்தான் இருக்கிறது. பொய் சொல்ல முடியாது.

ஆனால் இது எதையும் அவர் பார்க்கவில்லை. தொட்டி நிறைய நிறைய, அவர் பார்க்காதவைதான் கூடுகின்றன. இனி எல்லாமே அப்படித்தான் போலிருக்கிறது. ஷையின் சோதனை முடிவு, அவள் கலியாணம், என் நரை. 

அவர் பார்த்ததில் மிச்சம் அந்த ஓர் இலை. இன்றைக்கு அதுவும் பாதி கண்ணாடி. இன்னொரு குப்பி மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டு இருக்கிறது.

அக்டோபர் 24, வெள்ளி

காலையில் பாண், சம்பல். ஃபரீனா வந்திருந்தாள், யாஸீன் ஓத. ஓதி முடித்து இருவரும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தோம். மேலே மூன்று குப்பி மூச்சுக்குத் தவிக்கின்றன. அந்த இலையில் விரல் நுனி அளவுக்குத்தான் பச்சை.

"நான் எடுக்கவா மதினி?"

வேண்டாம் என்றேன். உடுப்புக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டிக்கொண்டேன். பிஸ்மி சொல்லித் தண்ணீருக்குள் விட்டேன். குளிர்.

பிடுங்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். மனசைத் தயார்ப்படுத்தியும் வைத்திருந்தேன். பிடுங்க வேண்டியே வரவில்லை. விரல் பட்டதும் கழன்று கைக்குள் வந்துவிட்டது.